வாசகர் கேள்வி – பதில்: சிறிய வீட்டுக்கு ஏற்ற கட்டிலும் மேசையும்

இடம் குறைந்த வீடுகளில் கட்டில், மேசை, அலமாரி ஆகியவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. அளவுகள் பெரும்பாலும் தச்சர்களும் கடைக்காரர்களும் பேசும் அடி, அங்குலக் கணக்கிலேயே உள்ளன.

கேள்வி: எங்கள் வீடு 420 சதுர அடி. ஒரு படுக்கையறை, 10 அடிக்கு 12 அடி கூடம், சமையலறை. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருக்கிறோம். மாமியாரும் மூத்த பெண்ணும் கூடத்தில் படுக்கிறார்கள். பழைய சோபாவை எடுத்துவிட்டு ‘சோபா கம் பெட்’ வாங்கலாம் என்று கணவர் சொல்கிறார். எந்த வகையை வாங்குவது?
— வாசகி, அம்பத்தூர்

பதில்: எந்த வகை என்பதைப் பிறகு பார்க்கலாம். அதை இரவில் விரிப்பவர் யார், காலையில் மடிப்பவர் யார் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். மாதத்தில் இரண்டு நாள் வரும் விருந்தாளிக்காக வாங்கும் சோபா கம் பெட்டும், ஆண்டு முழுவதும் ஒருவர் தினமும் படுக்கப்போகும் சோபா கம் பெட்டும் ஒன்றல்ல. தினசரி விரிக்க வேண்டியதென்றால் முதல் மாதம் உற்சாகமாக மடித்து வைப்பார்கள். மூன்றாவது மாதத்தில் அது விரித்தபடியே கிடக்கும். அப்போது சோபாவும் இருக்காது, கூடமும் இருக்காது.

ஒரு பொருள் இரண்டு வேலை செய்ய வேண்டுமானால் அந்த இரண்டு வேலைகளும் வெவ்வேறு நேரத்தில் வர வேண்டும் என்பதுதான் இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது. உங்கள் வீட்டில் மாமியார் பகலிலும் சற்றுச் சாய வேண்டியிருக்கும்; இரவு ஒன்பது மணிக்கு அவர் படுக்க நினைக்கும்போது மற்றவர்கள் அதே சோபாவில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு தேவைகளும் ஒரே நேரத்தில் மோதுகின்ற இடத்தில் மடக்குப் பொருள் உதவாது.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது திவான். 3 அடி அகலமும் ஆறேகால் அடி நீளமும் உள்ள ஒற்றைத் திவானை 12 அடிச் சுவரை ஒட்டிப் போடுங்கள். அதன் அடியில், சக்கரம் வைத்த தாழ்வான இன்னொரு கட்டில் உள்ளே போய்விடும்படி தச்சரிடம் செய்யச் சொல்லுங்கள். மேலே உள்ளது மாமியாருக்கு. அதை மடிக்கவோ விரிக்கவோ தேவையில்லை, பகலில் சுவரோரம் திண்டுகளை வைத்தால் மூன்று பேர் அமரும் இருக்கையாகிவிடும். கீழே உள்ளதை இரவில் மகள் இழுத்துக்கொள்வாள். இரண்டும் சேர்ந்து 6 அடியை எடுத்துக்கொண்டாலும் கூடத்தின் 10 அடி அகலத்தில் 4 அடி மிஞ்சும். எதிர்ச்சுவரில் ஒன்றேகால் அடி ஆழத்தில் தொலைக்காட்சி மேசை இருந்தால்கூட இரவில் கழிவறைக்கு எழுந்து போகிறவர் இடறாமல் நடக்க வழி இருக்கும். மேல் கட்டில் மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 18 அங்குலம் இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் வலி உள்ளவர் எழ முடியாது. மிக உயர்ந்தால் பாதம் தரையில் படியாது.

கடையில் கிடைக்கும் மற்ற வகைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டத்தை இழுத்து விரிக்கும் வகையில் மெத்தை மெல்லியதாகத்தான் இருக்க முடியும். குறுக்குக் கம்பி முதுகில் தட்டுப்படும். முதுகுச்சாய்வைக் கீழே சாய்த்துப் படுக்கையாக்கும் வகைக்குப் பெரும்பாலும் சுவரிலிருந்து சற்று முன்னே இழுக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியைக் கடைக்காரர் தரும் அளவில் சேர்த்திருக்கமாட்டார்கள். மூன்றாக மடியும் ஃபோம் சோபா இலேசானது, விலையும் குறைவு. ஆனால் தரையோடு தரையாக இருப்பதால் இளைஞர்களுக்கு மட்டுமே ஏற்றது. எதை வாங்கினாலும் ஃபோமின் டென்சிட்டியைக் கேளுங்கள். 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை என்று பொருள். உட்கார அது போதும். தினமும் படுப்பதற்கு 40 இருப்பது நல்லது.

பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. தலையணை, போர்வை, விரிப்பு இவை பகலில் எங்கே போகும்? அதற்கு இடம் ஒதுக்காத வீட்டில் அவை சோபாவின் மீதே குவியும். ஜிப் வைத்த திண்டு உறைகள் இரண்டு தைத்து, காலையில் போர்வைகளைச் சுருட்டி அவற்றுக்குள் அடைத்துவிட்டால், திண்டுக்கெனத் தனியாகப் பஞ்சு வாங்க வேண்டியதில்லை.

தச்சருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கோலமாவை எடுத்துத் திவானின் அளவையும், கீழ்க்கட்டிலை இழுத்த நிலையின் அளவையும் கூடத்துத் தரையில் கோடாகப் போட்டு, ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். வாசல் கதவு திறக்கும் வளைவையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: படுக்கையறை 10 அடிக்கு 10 அடி. பொருள் வைக்க இடம் வேண்டும் என்பதால் ஹைட்ராலிக் கட்டில் வாங்கலாமா, இழுப்பறை வைத்த கட்டில் வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கணக்கைப் போட்டால் விடை தானே வந்துவிடும். குயீன் அளவுக் கட்டில் 5 அடி அகலம். எதிரே அலமாரி 2 அடி ஆழம். 10 அடியில் இவை போக இடையில் 3 அடிதான் நடைபாதை. கட்டிலின் பக்கவாட்டு இழுப்பறை 2 அடி வெளியே வந்தால், அதன் முன்னே நின்று குனிய உங்களுக்கு 1 அடிதான் மிஞ்சும். ஆகவே உங்கள் அறைக்கு, மெத்தைப் பலகையை மேலே தூக்கும் ஹைட்ராலிக் கட்டில்தான் பொருந்தும். அதுவும் கால்மாட்டிலிருந்து தூக்குவதாக இருக்கட்டும்.

அதில் கவனிக்க வேண்டியவை சில. நாம் ஹைட்ராலிக் என்று சொல்வது உண்மையில் அழுத்தப்பட்ட வாயு நிரப்பிய தண்டு. அதன் விசையை நியூட்டன் கணக்கில் குறிப்பிடுவார்கள். இலேசான ஃபோம் மெத்தையை வைத்துக் கணக்கிட்ட தண்டின் மேல், வீட்டிலிருக்கும் கனமான தென்னைநார் மெத்தையைக் கொண்டுபோய் வைத்தால் பலகை மேலே நிற்காமல் இறங்கும். மாறாக, கனமான மெத்தைக்குப் போட்ட தண்டின் மேல் இலேசான மெத்தை இருந்தால் மூடவே வராது. ஆகவே மெத்தையை முதலில் முடிவு செய்து, அதை வைத்தே தூக்கிப் பார்த்து வாங்குங்கள். தண்டு நாளடைவில் தளர்ந்துபோகும் என்பதால், திறந்த நிலையில் பலகையைத் தாங்க ஓர் இரும்புத் தாங்குகம்பியையும் வைக்கச் சொல்லுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது கட்டாயம்.

மெத்தையைச் சுமந்திருக்கும் பலகையில் வரிசையாக ஓர் அங்குலத் துளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் மெத்தையின் அடிப்புறம் பூஞ்சை பிடிக்கும். உள்ளே வைப்பவை ஆண்டுக்குச் சில முறை மட்டும் எடுப்பவையாக இருக்கட்டும்: விருந்தினர் போர்வை, பெரிய பாத்திரம், பயணப் பெட்டி, கொலு பொம்மைகள். பட்டுப் புடவைகளை அங்கே வைப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் உறையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி, மழைக்காலம் முடிந்ததும் எடுத்து நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். தினசரி வேண்டிய எதையும் மெத்தைக்கு அடியில் வைக்காதீர்கள். அம்மா தூங்கும்போது பள்ளிச் சீருடை வேண்டுமென்றால் என்ன செய்வது?

கேள்வி: பெரியவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 4 வயது. இருவருக்கும் 10 அடிக்கு 10 அடி அறையில் அடுக்குக் கட்டில் போட ஆசைப்படுகிறார்கள். போடலாமா? நாங்கள் மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறோம்.
— வாசகி, தாம்பரம்

பதில்: இதை வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பலர் விரும்புகிறார்கள். அந்தப் படங்களில் மின்விசிறி இருக்காது. நம் வீட்டில் கூரையின் நடுவே அது சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச உயரமாக 2.75 மீட்டரைச் சொல்கிறது. அது ஏறத்தாழ 9 அடி. பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளின் உயரம் இதற்குச் சற்று மேலேதான் இருக்கும். விசிறியின் தண்டு ஓர் அடி கீழே இறங்கினால் இறக்கைகள் 8 அடியில் சுற்றும். மேல்கட்டிலின் மெத்தை மட்டம் 5 அடிக்கு மேல் வரும். அதில் ஒரு பையன் எழுந்து உட்கார்ந்து கையை உயர்த்தினால் 8 அடியை எளிதில் தொட்டுவிடுவான். இனி அகலவாட்டில் பாருங்கள். சாதாரண விசிறியின் வீச்சு 48 அங்குலம், அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கம் 2 அடி. 10 அடி அறையின் நடுவில் மாட்டிய விசிறியின் இறக்கை நுனி சுவரிலிருந்து 3 அடி தூரம் வரை வரும். சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலின் அகலமும் 3 அடி. கட்டிலின் விளிம்பும் இறக்கையின் நுனியும் ஒரே கோட்டில் நிற்கின்றன. 36 அங்குல விசிறியாக மாற்றினாலும் கிடைப்பது வெறும் 6 அங்குல இடைவெளி. அதை நம்பிப் பிள்ளையைப் படுக்க வைக்க முடியாது. கூரை விசிறியை அடியோடு நீக்கிவிட்டு, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என வலைக்கூண்டுள்ள சுவர் விசிறிகள் போடத் தயாராக இருந்தால் மட்டும் அடுக்குக் கட்டிலைப் பற்றி யோசியுங்கள்.

வயதும் முக்கியம். 6 வயதுக்குக் குறைந்த குழந்தையை மேல்கட்டிலில் படுக்க வைக்கக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. தடுப்புக் கம்பி மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதும் அதே ஆணையம் சொல்வதுதான். இங்கே விற்கும் கட்டில்களில் தடுப்பு போதிய உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் நாம் 6 அங்குல மெத்தையைப் போட்டதும் தடுப்பு பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் மகன் மேலே படுக்கலாம் என்றாலும் தங்கை பகலில் ஏறாமல் இருக்கப்போவதில்லை.

இவை எல்லாவற்றையும் சரிசெய்தாலும் மொட்டை மாடித் தளத்தின் சூடு இருக்கிறது. வெயில் முழுவதையும் வாங்கிய கான்கிரீட் இரவில்தான் அதைக் கீழே விடும். சித்திரை, வைகாசியில் கூரையிலிருந்து மூன்றரை அடி தூரத்தில் படுத்திருக்கும் குழந்தை நள்ளிரவில் தலையணையோடு உங்கள் அறைக்கு வந்துவிடும். அம்பத்தூர் வாசகிக்குச் சொன்ன, அடியில் இழுக்கும் கட்டிலே உங்களுக்கும் ஏற்றது. பகலில் அதை உள்ளே தள்ளிவிட்டால் விளையாடத் தரை கிடைக்கும். அந்த வயதுக்குத் தேவை அதுதான்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாறுகிறோம். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டார். எங்களுக்கு எந்த மாதிரிப் பொருள்கள் சரி?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாடகை வீட்டில் இருப்பவர் வாங்கும் எந்தப் பொருளும் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். அது 3 அடி அகல மாடிப்படியின் திருப்பத்தில் திரும்ப வேண்டும். நான்கு முறை பிரித்துப் பூட்டிய பிறகும் ஆடாமல் நிற்க வேண்டும்.

இரண்டாவது சோதனையில் தோற்பவை பார்ட்டிக்கிள் போர்டு பொருள்கள். மரத்தூளையும் சிறு துண்டுகளையும் பசையோடு அழுத்திச் செய்யும் அந்தப் பலகையில் திருகாணி முதல் முறை நன்றாகப் பிடிக்கும்; கழற்றி மீண்டும் பூட்டும்போது துளை தளர்ந்துவிடும். ஆகவே மடக்கு மேசையோ புத்தக அலமாரியோ பெட்டியில் வந்து பூட்டும் வகையாக இருந்தால், இரும்புச் சட்டம் உள்ளதையோ, மரச்சட்டத்தில் நட்டு-போல்ட் போட்டதையோ தேடுங்கள். விலை சற்றுக் கூடும். வீடு மாறும்போது அந்தக் கூடுதல் விலை திரும்பிவிடும்.

உங்களுக்கு மிகவும் உதவக்கூடியது, பழைய குடும்பங்கள் கையாண்ட ஓர் எளிய ஏற்பாடு. 6 அடி அகல இரட்டைக் கட்டிலுக்குப் பதிலாக 3 அடி அகல ஒற்றைக் கட்டில்கள் இரண்டை ஒரே உயரத்தில் வாங்குங்கள். சேர்த்துப் போட்டால் இரட்டைக் கட்டில். பிரித்தால் ஒன்று படுக்கையறையிலும் மற்றொன்று கூடத்தில் திவானாகவும் இருக்கும். அடுத்த வீட்டில் அறை எந்த வடிவில் இருந்தாலும் இடம் பிடித்துக்கொள்ளும். சேர்த்துப் போடும்போது உள்பக்கக் கால்களை ஒரு பட்டையாலோ போல்ட்டாலோ பிணைத்துவிட்டால் நடுவில் பிளவு விலகாது. மெத்தையையும் இரண்டாகவே வாங்குவது நல்லது. இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் காயவைக்கவும் ஒருவரால் முடியும்.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் கடப்பா கல் அலமாரியும் பரணும் வீட்டோடு வரும். அவற்றை அழகில்லை என்று ஒதுக்கிவிட்டுப் புதிய அலமாரி வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது. கடப்பா கல் தட்டில் கரையான் ஏறாது, எடை தாங்கும், துடைத்தால் போதும். அதன் குறை, தட்டுகளுக்கு இடையே உயரம் அதிகமாக விட்டிருப்பார்கள்; பாதி இடம் வெறும் காற்றாக இருக்கும். தட்டுக்குள் அடங்கும் சிறிய இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து ஒன்றை இரண்டாக்குங்கள்; முன்னால் ஒரு திரை. திரைக்கம்பிக்கும் துளை தேவையில்லை, இரு பக்கச் சுவர்களையும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பி கிடைக்கிறது. உயரமான புத்தக அலமாரியைச் சுவரில் பிணைக்காமல் வைப்பது மட்டும் ஆபத்து. குழந்தை இழுப்பறையைப் படிக்கட்டாக்கி ஏறினால் முழுவதும் முன்னே சாயும். அந்த ஒரு துளைக்காவது வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இடுப்பு உயரத்துக்கு மேற்பட்ட அலமாரி வேண்டாம்.

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்கிறேன். சாப்பாட்டு மேசையையே அலுவலக மேசையாகவும் வைத்துக்கொள்ளும்படி என் வீட்டுக்காரர் சொல்கிறார். தனி மேசைக்கு இடமில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, திருச்சி

பதில்: அவர் சொல்வது கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் பகல் ஒரு மணிக்கு மாமனாருக்குச் சாப்பாடு போட வேண்டிய நேரத்தில் நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தால் அந்த மேசை யாருடையது? சாப்பாடும் வேலையும் பகலில்தான் நடக்கின்றன. மடக்க வேண்டியது வேலை மேசையைத்தான். ஏனென்றால் உங்கள் வேலை முடிந்த பிறகு அது காலையில்தான் மீண்டும் தேவை.

3 அடி நீளமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள பலகை மடிக்கணினிக்குப் போதும். 18 மி.மீ. பிளைவுட்டில், பூட்டிக்கொள்ளும் மடக்குத் தாங்கிகள் இரண்டின் மேல் அதைச் சுவரில் பொருத்துங்கள். கீழ்நோக்கி மடியும்போது சுவரிலிருந்து சில அங்குலமே நீட்டிக்கொண்டிருக்கும். உயரத்தைப் பொதுவாக 29 அல்லது 30 அங்குலம் வைப்பார்கள். நீங்கள் அமரப்போகும் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கி, அந்த உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்வது அதைவிடச் சரியானது. பலகைக்கு மேலே ஓர் ஒன்பது அங்குல ஆழத் தட்டு கட்டாயம் வேண்டும். பலகையை மடக்கும்போது கணினி, கம்பிகள், குறிப்பேடு ஆகியவை போய் அமர இடம் இல்லையென்றால் நீங்கள் பலகையை மடக்கவே மாட்டீர்கள்.

துளை போடுவதற்கு முன் சுவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்கும். இப்போது கட்டும் பல குடியிருப்புகளில் உள்ள இலேசான ஏ.ஏ.சி. பிளாக் சுவருக்கு அதற்கென்றே உள்ள பிளக்குகளைப் போட வேண்டும். இல்லையென்றால் கை ஊன்றியதும் துளையோடு வந்துவிடும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் மின்கம்பிக் குழாய் ஓடும் என்பதால் அந்தக் கோட்டில் துளைக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தின் கடைசியில் அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரத்தை மேசையாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இயந்திரத்தை உள்ளே இறக்கி மூடினால் மேலே நல்ல பலகை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கீழே மிதியும் சக்கரமும் இருப்பதால் மணிக்கணக்கில் கால் நீட்ட முடியாது. பிரின்டர் வைக்கவும் காய்கறி நறுக்கவும் அது நன்றாக உதவும்.

கேள்வி: சுவர் முழுவதும் கண்ணாடி பதித்தால் சிறிய கூடம் பெரிதாகத் தெரியும் என்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

பதில்: தெரியும். கூடத்தில் குவிந்துள்ள பொருள்களும் இரண்டு மடங்காகத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஓர் ஆள் உயரக் கண்ணாடி மட்டும் மாட்டினால் வெளிச்சம் பரவும், உடுத்திக்கொள்ளவும் உதவும்.

கேள்வி: கும்பகோணத்துப் பூர்வீக வீட்டை விற்றுவிட்டோம். பாட்டியின் தேக்குப் பெட்டி ஒன்றும், அம்மாவின் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ ஒன்றும் என் பங்குக்கு வந்தன. இப்போது வேளச்சேரியில் 600 சதுர அடி வீட்டில் இருக்கிறேன். பெட்டியை டீப்பாயாக்கலாம் என்று மகள் சொல்கிறாள். பீரோவை எடைக்குப் போடலாம் என்று மகன் சொல்கிறான். உங்கள் கருத்து என்ன?
— வாசகி, வேளச்சேரி

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சொன்ன விதத்தில் அல்ல.

பெட்டியின் மூடி மேல்நோக்கித் திறப்பது. டீப்பாயாக்கினால் அதன்மேல் நாளிதழும் தண்ணீர்ச் செம்பும் காப்பித் தம்ளரும் எப்போதும் இருக்கும். உள்ளே இருப்பதை எடுக்க ஒவ்வொரு முறையும் அவற்றை அகற்ற வேண்டும். சில மாதங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். அதையே கூடத்து ஜன்னலுக்கு அடியில் வைத்து மேலே ஒரு பஞ்சு மெத்தை தைத்துப் போட்டால், உட்காருகிறவர் எழுந்தாலே பெட்டி திறக்கத் தயாராகிவிடும். நான்கு அடிப் பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள்; இரண்டு பேர் அமரலாம், தேக்கு தாங்கும். உயரம் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் கீழே மரக்குமிழ்க் கால்கள் வைத்து உயர்த்துங்கள். தரையைத் துடைக்கும் ஈரம் பெட்டியின் அடியில் படாமலிருக்கவும், கரையான் வந்தால் கண்ணில் படவும் அது உதவும். பித்தளைப் பூட்டையும் பட்டைகளையும் மாற்ற வேண்டாம். தச்சர் பாலிஷ் போடும்போது உட்புறத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்; உள்ளே பாலிஷ் போட்டால் துணிகளில் வாடை ஏறும்.

பழைய திண்ணை வீடுகளில் இன்றைய கணக்குப்படி பார்த்தால் பொருள்கள் குறைவுதான். பத்தாயம், பெட்டி, ஊஞ்சல், உறி, மாடக்குழி, சுருட்டி மூலையில் நிற்க வைத்த பாய்கள். ஒரே கூடத்தில் பகலில் பந்தி நடந்தது, இரவில் பத்துப் பேர் படுத்தார்கள். தரை காலியாக இருந்ததால் அது முடிந்தது. இன்று முழங்கால் வலியோடு தரையில் உட்காரச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனாலும் விருந்தாளிகள் வரும் நாளுக்காக ஆண்டு முழுவதும் ஒரு கூடுதல் கட்டிலைக் காப்பாற்றுவதைவிட, பத்தமடையிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ நல்ல கோரைப்பாய்கள் நான்கை வாங்கிப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தி வைக்கலாம்.

பீரோவுக்கு வருகிறேன். அந்தக் காலத்துத் தகட்டின் கனம் இன்று கிடைப்பதில்லை. அதை உங்கள் படுக்கையறை அலமாரி வரிசையின் ஓர் அங்கமாக்குங்கள். பீரோவின் ஆழம் பொதுவாக ஒன்றரை அடிக்குச் சற்று மேல். புதிதாகச் செய்யும் மர அலமாரி, துணிகளைக் குறுக்கே தொங்கவிடுவதற்காக 2 அடி ஆழம் எடுக்கும். பீரோவைச் சிறிது முன்னே தள்ளி வைத்து, இரண்டின் முகத்தையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியின் வண்ணத்திலேயே பெயின்ட் அடித்தால் வரிசை துருத்தாது. பீரோவின் தலைக்கும் கூரைக்கும் இடையிலுள்ள இடத்தில் கதவு வைத்த பெட்டியொன்றைச் சுவரில் பொருத்தினால் பயணப் பெட்டிகள் அங்கே போய்விடும். இப்போது அவை எங்கே இருக்கின்றன என்று கடிதத்தில் நீங்கள் எழுதாவிட்டாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. பெயின்ட் அடிக்கும் முன் அடித்தகட்டில் துரு இருந்தால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள். நான்கு கால்களுக்கும் ரப்பர் குமிழ் மாட்டுங்கள்.

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம். சுவரில் மடியும் கட்டிலும் அலமாரியும் தச்சரை வைத்துச் செய்யப்போகிறோம். எந்தப் பிளைவுட் நல்லது? என்னவெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கடையில் ‘கமர்ஷியல்’ என்று கேட்டால் கொடுப்பது எம்.ஆர். வகை. ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் என்பதுதான் அதன் பொருள்; தண்ணீரைத் தாங்கும் என்பதல்ல. உங்கள் ஊரில் சமையலறை, குளியலறையை ஒட்டிய சுவர், தரையைத் தொடும் பகுதி ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. வகையை, அதாவது மரைன் பிளைவுட்டையே போடுங்கள். மேல் தட்டுகளுக்கும் பரண் கதவுகளுக்கும் அவ்வளவு செலவு தேவையில்லை. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. குறியோடு உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையான உரிமமா என்று தெரியும். 8 அடிக்கு 4 அடிப் பலகையைத் துண்டாக்கிய பிறகு முத்திரை எந்தத் துண்டில் போனதென்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அறுப்பதற்கு முன் பாருங்கள்.

உப்புக்காற்றில் முதலில் கெடுவது பலகை அல்ல, கீலும், இழுப்பறை ஓடும் சேனலும், திருகாணியும்தான். அவற்றைத் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள். பலகையின் வெட்டு விளிம்புகள் அனைத்திலும், கண்ணில் படாத பின்புற விளிம்பிலும்கூட, லிப்பிங் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். புத்தகத் தட்டு 18 மி.மீ. பலகையில் 3 அடிக்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் நடுவில் தொய்யும்.

சுவரில் மடியும் கட்டிலைப் பொறுத்தவரை, வில்லியம் மர்ஃபி என்பவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் பரப்பிய அந்த அமைப்பில் பாரம் பெரிதும் சுவரிலும் சுழலும் அச்சிலும் விழுகிறது. ஆகவே அதன் இரும்புப் பகுதியைத் தச்சரே பட்டறையில் செய்துகொள்ள விடாமல், ஆயத்தமாக விற்கும் பொறியமைப்பை எடைக் குறிப்போடு வாங்கிக் கொடுங்கள். மரப்பெட்டியை மட்டும் அவர் செய்யட்டும். உங்கள் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் இந்தக் கட்டிலே வேண்டாம்.

எழுதி வாங்க வேண்டியவை: பிளைவுட்டின் வகையும் தடிமனும், கீல் மற்றும் சேனலின் நிறுவனப் பெயர், மடித்த நிலையிலும் விரித்த நிலையிலும் ஒவ்வொரு பொருளின் அளவு, முடித்துத் தரும் தேதி, கூலி சதுர அடிக்கணக்கா மொத்தமா என்பது. சதுர அடிக்கணக்கு என்றால் முகப்பை மட்டும் அளப்பாரா, உள்தட்டுகளையும் அளப்பாரா என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்து, முன்பணம் கொடுக்கும் அன்று இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.